டயாலிசிஸுக்குப் பிடிபடாத பாஸ்பரஸ்

நான்கு மணி நேர டயாலிசிஸ் முடிந்ததும் யூரியா பாதிக்கு மேல் இறங்கிவிடும். பாஸ்பரஸ் அப்படி இல்லை. உடலில் இருக்கும் சுமார் 700 கிராம் பாஸ்பரஸில் 85 விழுக்காடு எலும்பில் கிடக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி செல்களுக்குள். ரத்தத்தில் ஓடுவது மிகச் சொற்பம். மெஷின் நிமிடத்துக்கு 300 மில்லி ரத்தத்தை இழுத்தாலும், முதல் ஓரிரு மணி நேரம் வேகமாக இறங்கும் அளவு பிறகு அப்படியே நின்றுவிடும். உள்ளிருந்து எவ்வளவு கசிந்து வருகிறதோ அவ்வளவுதான் வெளியேறும். ஊசியை எடுத்த சில மணி நேரத்தில் மறுபடி ஏறும். அதனால்தான் டயாலிசிஸ் தொடங்குமுன் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். நேரத்தில் அரை மணி குறைத்துக்கொண்டு எழுந்தால் முதலில் அடிபடுவதும் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளைக்கு 1000 மி.கி. பாஸ்பரஸ் சாப்பிட்டு அதில் 600 குடலில் ஏறினால், வாரத்துக்கு 4200. ஒரு டயாலிசிஸ் எடுப்பது 800 முதல் 1000 வரை. வாரம் மூன்று தடவை போனாலும் 1200 மி.கி.க்குக் குறையாமல் மிஞ்சும். செலவையும் பஸ் பயணத்தையும் பார்த்து இரண்டோடு நிறுத்துகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மிஞ்சியது போகுமிடம் ரத்தக்குழாய். தமனிச் சுவரின் நடு அடுக்கில் இருக்கும் தசைச் செல்கள், பாஸ்பேட் (ரத்தத்தில் பாஸ்பரஸ் இருக்கும் வடிவம்) அதிகமானால் எலும்புச் செல்களைப் போல நடக்கத் தொடங்கி, சுவரிலேயே கால்சியத்தைப் படியவிடுகின்றன. கொழுப்பு அடைப்பு வேறு, இது வேறு: குழாய் அடைபடாமலேயே விறைத்துப்போகும். மேல் பிரஷர் ஏறும், கீழ் பிரஷர் இறங்கும், இதயத்தின் இடது அறைச் சுவர் தடிக்கும். நாடித்துடிப்பு கழுத்திலிருந்து தொடைக்கு ஓடும் வேகம் நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் குழாய் விறைத்திருக்கிறது என்று பொருள். கை எக்ஸ்ரேயிலேயே தமனி தண்டவாளம் போல இரட்டைக் கோடாகத் தெரிவதும் உண்டு. அப்படிப்பட்ட கையில், டயாலிசிஸ் ஊசிக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா போட்டால் தமனி விரிந்து கொடுக்காது. ஆறு வாரம் கழித்தும் ஊசி போடும் அளவுக்குச் சிரை பருக்காமல் போகலாம்.

மதுரைச் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது அயிரை மீன் குழம்பு. முள்ளோடு முழுசாகத் தின்கிற மீன் என்பதால் எலும்பின் பாஸ்பரஸும் சேர்ந்தே வரும். ஜிகர்தண்டாவில் பாலைச் சுண்டக் காய்ச்சியிருப்பார்கள். சாதாரணப் பாலிலேயே 100 மில்லிக்குச் சுமார் 90 மி.கி. உண்டு. இரண்டையும்விட மோசம் கறுப்பு கோலாவும் பாக்கெட்டில் பதப்படுத்தியவையும். அவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதும் உடலில் ஏறிவிடும். பருப்பில் இருப்பது பாதிகூட ஏறாது.

பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் மாத்திரை வேலை செய்வது ரத்தத்தில் அல்ல, குடலில், சோற்றோடு கலந்திருக்கும்போதுதான். அந்த வகை மாத்திரையான கால்சியம் அசிடேட்டைச் சத்து மாத்திரை என்று நினைத்து வெறும் வயிற்றில் போட்டால், பிடிக்க பாஸ்பேட் இருக்காது. கால்சியம் மட்டும் ரத்தத்தில் ஏறி அதே குழாய்ச் சுவருக்குப் போய்ச் சேரும். ராத்திரி கறிக்குழம்போடு பரோட்டா என்றால், காலை இட்லிக்குப் போடும் மாத்திரையைவிட அப்போது அதிகம் தேவைப்படும். நேரத்துக்கு எத்தனை என்று டாக்டரிடமே பிரித்து எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சாப்பிடாத வேளைக்கு மாத்திரையும் வேண்டாம். கால்சியம் ஏற்கெனவே கூடியிருந்தால், கால்சியம் கலக்காத செவெலமர் மாத்திரை எழுதுவார்கள். அதை மெல்லாமல் விழுங்க வேண்டும். தைராய்டு மாத்திரையை இவற்றிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு முதல் சில மாதங்களில் பாஸ்பரஸ் தேவைக்கும் கீழே இறங்குவது வழக்கம். விறைப்பும் கொஞ்சம் தளரும். ஏற்கெனவே படிந்த கால்சியம் பெரும்பாலும் கரைவதில்லை. மேலும் படியும் வேகம்தான் குறைகிறது.