கத்தி வைக்காமல் இதயத்தின் ஆற்றலை அளப்பது

இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்பதை எக்கோ காட்டிவிடும். ரத்தக்குழாயில் எங்கே அடைப்பு என்பதை ஆஞ்சியோகிராம் சொல்லிவிடும். ஆனால் அந்தத் துடிப்புக்குத் தேவையான ஆற்றல் தசைக்குள் போதுமான அளவு இருக்கிறதா? அதற்கு இரண்டிலும் பதில் கிடைக்காது.

சுமார் 300 கிராம் எடையுள்ள இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய 6 கிலோ ஏ.டி.பி.யை, அதாவது செல்கள் ஆற்றலுக்குச் செலவிடும் மூலக்கூறை, செலவழித்து, மீண்டும் ஆக்கிக்கொள்கிறது. கையிருப்போ எந்த நேரமும் சில விநாடித் துடிப்புக்குத்தான் வரும். ஏ.டி.பி. குறையத் தொடங்கியதும் பாஸ்போகிரியேட்டின் என்ற சேமிப்பு மூலக்கூறு தன்னிடமுள்ள பாஸ்பேட்டைக் கொடுத்து ஈடுகட்டும். இதை நடத்துவது கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி.

இரண்டு மூலக்கூறுகளிலும் பாஸ்பரஸ் இருப்பதுதான் நமக்கு வசதி. வழக்கமான எம்.ஆர்.ஐ. ஹைட்ரஜனின் சமிக்ஞையைப் பிடிக்கிறது. 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் அது சுமார் 128 மெகாஹெர்ட்ஸ். அதே காந்தத்தில் பாஸ்பரஸ் 52 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும். அந்தச் சமிக்ஞையைப் பிடிக்கும் தனிக் கம்பிச் சுருளை மார்பில் வைத்தால் படத்துக்குப் பதில் ஒரு வரைகோடு வருகிறது. அதில் பாஸ்போகிரியேட்டினுக்கு ஒரு முகடு, ஏ.டி.பி.யின் மூன்று பாஸ்பேட்டுகளுக்கு மூன்று முகடுகள். ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. 1985இல் பால் பாட்டம்லி மனித இதயத்திலிருந்து இதை வெளியிலிருந்தே பதிவுசெய்து காட்டினார்.

இந்த வரைகோட்டை எடுப்பது எளிதல்ல. உடலிலுள்ள நீரோடு ஒப்பிட்டால் இந்த மூலக்கூறுகள் பல்லாயிரம் மடங்கு குறைவு. இதயமோ ஓயாமல் அசைகிறது. அருகிலுள்ள மார்புத் தசையில் பாஸ்போகிரியேட்டின் அதிகம்; அது கொஞ்சம் கலந்தாலும் நோயுற்ற இதயம் நலமானதாகத் தெரியும். அதனால் பல ஆய்வகங்களில் ஆளைக் குப்புறப் படுக்க வைக்கிறார்கள்: இதயம் சுருளுக்கு அருகில் வரும், மார்பின் அசைவும் அடங்கும்.

1990இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கருவிக்குள் படுத்திருப்பவர் கைப்பிடி ஒன்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்; அதுவே இதயத்தின் வேலையைக் கூட்டிவிடும். பாஸ்போகிரியேட்டின்–ஏ.டி.பி. விகிதம் குறைந்தால் ஆற்றல் சேமிப்பு கரைகிறது என்று பொருள். நலமானவர்களிடம் அது 1.7 அளவிலேயே நின்றது. கடுமையான அடைப்பு உள்ளவர்களிடம் 1.45இலிருந்து 0.91க்கு இறங்கியது. அடைப்பைச் சரிசெய்தபின் மீண்டும் சோதிக்கப்பட்டவர்களிடம் அந்தச் சரிவு ஏறக்குறைய மறைந்துவிட்டது. 1997இல் ஸ்டெஃபான் நாய்பவர் குழு, இதயம் வீங்கிப் பலவீனமடைந்த நோயாளிகளில் விகிதம் 1.6க்குக் கீழே இருந்தவர்களிடையே இறப்பு அதிகம் என்று கண்டது.

ஆனால் விகிதத்தை மட்டும் நம்ப முடியாது. முற்றிய இதயச் செயலிழப்பில் ஏ.டி.பி.யும் சேர்ந்தே குறைவதால், உண்மையான பற்றாக்குறையை விகிதம் குறைத்துக் காட்டும். தவிர, பணப்பெட்டியில் இருப்பு வேறு, புழக்கம் வேறு. புழக்கத்தை அளக்க ஏ.டி.பி.யின் கடைசிப் பாஸ்பேட்டுடைய சமிக்ஞையை மட்டும் ரேடியோ அலையால் அழித்துவிடுகிறார்கள். பாஸ்போகிரியேட்டினிலிருந்து அங்கே போய்ச் சேரும் ஒவ்வொரு பாஸ்பேட்டும் குரலிழக்கும். பாஸ்போகிரியேட்டின் முகடு எவ்வளவு தாழ்கிறதோ, அதிலிருந்து நொதியின் வேகம் கணக்காகிறது. 2005இல் வெளியான அளவீட்டில் நலமான இதயத்தில் இது கிராமுக்கு விநாடிக்கு 3.2 மைக்ரோமோல், செயலிழக்கும் இதயத்தில் 1.6. மிதமானது என்று கருதப்பட்ட நோய்க்குள்ளேயே ஆற்றல் விநியோகம் பாதியாகியிருந்தது. இதய மருந்து எதைச் சோதித்தாலும் இந்த எண்ணையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பேன்.