பழைய ரோட்டரி கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் கம்ப்ரஷன் பாருங்கள்

மலிவாக விற்பனைக்கு வந்த, ரோட்டரி இன்ஜின் கொண்ட மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களைப் பற்றி யோசனை கேட்பவர்கள் என்னிடம் முதலில் காட்டுவது போட்டோவைத்தான். பெயின்ட் பளபளக்கிறது, சீட் கிழியவில்லை, ஓடிய கிலோமீட்டரும் குறைவு. ‘எடுக்கலாமா?’ என்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இன்ஜின் சூடாக இருக்கும்போது கம்ப்ரஷன், அதாவது இன்ஜின் அறைக்குள் நெருக்கப்படும் காற்றின் அழுத்தம், எவ்வளவு? இதற்குப் பதில் தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ரோட்டரி இன்ஜினைப் பிரித்துக் கட்டுவது என் தொழில். வாங்கிய சில வாரங்களிலேயே படுத்துவிட்டது என்று வரும் கார்கள் ஏராளம். அவற்றில் பலவற்றின் நோயை வாங்கும் முன்பே கண்டுபிடித்திருக்கலாம்.

ரோட்டரி இன்ஜினில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. பக்கங்கள் சற்று உப்பிய முக்கோண ரோட்டர், நடுவில் சிறுத்த நீள்வட்ட ஹவுசிங்குக்குள் சுற்றுகிறது. ரோட்டரின் மூன்று பக்கங்களுக்கும் ஹவுசிங் சுவருக்கும் நடுவே மூன்று அறைகள். அது ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுவிலுள்ள ஷாஃப்ட் மூன்று முறை சுற்றிவிடும். முக்கோணத்தின் முனை ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய உலோகப் பட்டை இருக்கிறது. அதுதான் ஏபெக்ஸ் சீல். பக்கவாட்டில் சைடு சீல், மூலையில் கார்னர் சீல். இன்ஜினின் உயிர் இந்த சீல்களில்தான். ஒவ்வொரு ஏபெக்ஸ் சீலும் பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டுக்கும் பொதுச் சுவர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கம்ப்ரஷன் எண்களைப் படிக்கும்போது உதவும்.

சீல் தேய்வது இந்த இன்ஜினின் பிறவிப் பிரச்சினை. ஃபெலிக்ஸ் வான்கெல் கண்டுபிடித்த இந்த இன்ஜின் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்தில் முதன்முதலாக ஓடியது 1957இல். பத்து வருடம் கழித்து வந்த என்எஸ்யூ ஆர்ஓ 80 காரில் சீல்கள் சீக்கிரமே தேய்ந்து, வாரண்டியில் இன்ஜின் மாற்றிக் கொடுத்தே நிறுவனம் பெரும் பணத்தை இழந்தது. மாஸ்டாவிலும் இதே கதைதான். சீல் அதிர்ந்து அதிர்ந்து ஹவுசிங்கின் உள்சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான குழு அதைப் ‘பிசாசின் நகக்கீறல்’ என்றே அழைத்தது. அதைச் சமாளித்த பிறகுதான் 1967இல் மாஸ்டாவின் முதல் ரோட்டரி காரான காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. 1978 முதல் 2002 வரை ஆர்எக்ஸ்-7, 2003 முதல் 2012 வரை ஆர்எக்ஸ்-8. நடுவே 1991இல், நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டா 787பி பந்தயக் கார், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றது.

அதனால் ‘ரோட்டரி என்றாலே சீக்கிரம் போய்விடும்’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. நான் பிரித்துப் பார்த்த இன்ஜின்களில் பெரும்பாலானவை அதிகச் சூட்டாலோ, ஆயில் போதாமலோ, பிளக்-காயில் கோளாறாலோ போனவை. மலிவு விலைக்கு வரும் கார் என்றால், இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைப் பல வருடம் பொறுத்துக்கொண்ட கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்ததற்கு அதுதான் காரணம்.

சரி, கம்ப்ரஷனுக்கு வருவோம். சாதாரண இன்ஜினுக்குப் பயன்படுத்தும் கேஜை ரோட்டரியின் பிளக் துளையில் மாட்டினால் ஓர் எண்தான் கிடைக்கும். அந்தக் கேஜில் காற்றைத் திரும்ப விடாத சின்ன வால்வு இருப்பதால், மூன்று அறைகளில் எது நன்றாக இருக்கிறதோ அதன் அழுத்தம் மட்டும் முள்ளில் நிற்கும். மற்ற இரண்டும் செத்துக் கிடந்தாலும் தெரியாது. விற்பவர் அனுப்பும் ‘கம்ப்ரஷன் போட்டோ’ பெரும்பாலும் இந்த வகைதான். ரோட்டரிக்கென்றே செய்த டெஸ்டர் வேண்டும். அது ஒரு ரோட்டருக்கு மூன்று எண், இரண்டு ரோட்டருக்கு ஆறு எண், கூடவே இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றியது என்பதையும் காட்டும். வேகம் ஏன் முக்கியம் என்றால், பேட்டரியோ செல்ஃப் மோட்டாரோ சோர்ந்திருந்தால் நல்ல இன்ஜினும் குறைந்த எண்ணைத்தான் கொடுக்கும். அதனால்தான் 250 ஆர்பிஎம்முக்குக் கணக்கிட்டு ஒப்பிடுகிறோம்.

ஆர்எக்ஸ்-8இன் ரெனிசிஸ் இன்ஜினுக்கு அந்த வேகத்தில் இருக்க வேண்டிய அளவு 830 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 120 பிஎஸ்ஐ. 680க்குக் கீழே போனால் இன்ஜின் இறங்க வேண்டிய நேரம். ஒரே ரோட்டரின் அறைகளுக்குள் 150க்கு மேலோ, இரண்டு ரோட்டர்களுக்கு நடுவே 100க்கு மேலோ வித்தியாசம் இருக்கக் கூடாது. இந்த நான்கு எண்களையும் எழுதி வைத்துக்கொண்டு கார் பார்க்கப் போங்கள்.

எண்கள் எப்படிப் பேசும் என்பதற்கு ஒரு காரைச் சொல்கிறேன். ஐடிலிங்கில் லேசாக நடுங்குகிறது, மற்றபடி பிக்கப் பரவாயில்லை என்று வந்தது. முன் ரோட்டரில் மூன்றும் ஏறக்குறைய சமம். பின் ரோட்டரில் ஒன்று நன்றாக இருக்க, மற்ற இரண்டும் பாதியளவுகூட இல்லை. ஒரு ஏபெக்ஸ் சீல் போனால் அதன் இருபுறமும் உள்ள அறைகள் இரண்டுமே கசியும். இங்கே இரண்டு எண்கள் சேர்ந்து விழுந்ததால் பிரிக்கும் முன்பே சந்தேகம் அங்கேதான். திறந்து பார்த்தால் சீலின் ஒரு மூலை உடைந்து காணாமல் போயிருந்தது. போகிற போக்கில் அந்தத் துண்டு ஹவுசிங்கின் குரோம் பூச்சில் விரல்நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் போட்டுவிட்டது. சீல் சின்னப் பொருள்தான். ஹவுசிங் அப்படி இல்லை. டர்போ வைத்த காராக இருந்திருந்தால் அந்தத் துண்டு டர்போவையும் பதம் பார்த்துவிட்டுப் போயிருக்கும். ஒரே ஓர் அறை மட்டும் குறைவாக இருந்தால் சைடு சீல் பக்கம் பார்ப்பேன். மூன்றும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் பொதுவான தேய்மானம், இல்லையென்றால் செல்ஃப் மெதுவாகச் சுற்றியிருக்கும்.

டெஸ்டர் கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? வண்டி ஆறிய நிலையில் இருக்கட்டும் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்கள் போனதும் ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் நன்றாக ஓட்டுங்கள். அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் ஸ்டார்ட் செய்யுங்கள். சீல் தளர்ந்த ரோட்டரி ஆறிய நிலையில் நல்ல பிள்ளையாக எழுந்துவிடும். சூட்டில் எழுப்பினால்தான் நீண்ட நேரம் இழுக்கும். அப்புறம், சாதாரண கேஜின் அந்தச் சின்ன வால்வைக் கழற்றிவிட்டுப் பிடித்தால் முள் துள்ளுவதைப் பார்க்கலாம். சரியான எண் கிடைக்காது. ஆனால் மூன்று துள்ளல்களும் ஒரே உயரமா என்பது தெரிந்துவிடும். பிளக் துளையில் கொஞ்சம் ஆயிலை விட்டுக் கம்ப்ரஷனைத் தற்காலிகமாகத் தூக்கிக் காட்டுகிறவர்களும் உண்டு. ஸ்டார்ட் செய்ததும் குபுகுபுவென்று நீலப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றால் காரணம் கேளுங்கள். ஆயில் அறைக்குள் கசியாமல் தடுக்கும் பழைய ரப்பர் வளையங்கள் (ஆயில் ரிங் ஓரிங்) இறுகிப் போயிருந்தாலும் அதே மாதிரி புகை வரும். இரண்டுமே உங்களுக்கு நல்ல செய்தி இல்லை.

ஆயில் விஷயத்தில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்த இன்ஜின் ஆயில் குடிக்க வேண்டும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயிலை ஒரு மீட்டரிங் பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் அனுப்பி ஏபெக்ஸ் சீலுக்கு வழுவழுப்புக் கொடுக்கிறது. ‘இந்த வண்டியில் ஒரு சொட்டு ஆயில்கூடக் குறையாது சார்’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் நான் அந்த இடத்திலேயே உஷாராகிவிடுவேன். பம்ப் வேலை செய்யவில்லை, அல்லது யாரோ அதை அடைத்துவிட்டார்கள். அடைத்தவர் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டினாரா என்று கேளுங்கள். கலந்திருந்தால் சரி. கலக்கவில்லை என்றால் சீல் வறண்டு ஓடியிருக்கிறது. வாங்கிய பிறகு நீங்களும் பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்.

குறைந்த கிலோமீட்டருக்கும் மயங்க வேண்டாம். ஷெட்டிலிருந்து எடுத்து வாசலில் நிறுத்தி உடனே அணைப்பது, இதைத்தான் ரோட்டரி தாங்காது. ஆறிய இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகும்; அணைத்ததும் அது சீலிலிருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். கம்ப்ரஷன் விழும், அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது. இதை இன்ஜின் ‘ஃப்ளட்’ ஆகிவிட்டது என்போம். பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டுச் சுற்றவிடுவது, பிளக்கைக் கழற்றிக் காயவைப்பது, அறைக்குள் துளி ஆயில் விடுவது என்று செய்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஸ்டார்ட் ஆகாத காரை ‘சும்மா ஃப்ளட் ஆகியிருக்கிறது’ என்று விற்றால், அவரே எழுப்பிக் காட்டட்டும். அந்த வாக்கியத்தை நம்பி மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

காரை வாங்கிவிட்டீர்கள், கம்ப்ரஷனும் பரவாயில்லை என்றால் முதல் பணம் கூலிங்குக்குப் போக வேண்டும். வீலும் சைலன்சரும் பெயின்ட்டும் அப்புறம் பார்க்கலாம். ரோட்டரி இன்ஜின் என்பது இரும்புத் தட்டும் அலுமினிய ஹவுசிங்கும் மாறிமாறி அடுக்கி, நீளமான போல்ட்டுகளால் இறுக்கிய அடுக்கு. சூடேறினால் இரண்டும் ஒரே அளவில் விரியாது. நடுவிலுள்ள கூலன்ட் சீல் ஒரே ஓர் ஓவர்ஹீட்டில் போய்விடலாம். போனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை, ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி, காரணமில்லாமல் குறையும் கூலன்ட். 1991இல் வந்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இல் கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் டேங்க் ஒன்று உண்டு. வயதானால் அது வெடித்துக் கசியும், அலுமினியத்தில் மாற்றிவிடுங்கள். டேஷ்போர்டிலிருக்கும் வெப்பமானி முள்ளையும் நம்ப வேண்டாம். சூடு நிறைய ஏறி இறங்கினாலும் அது நடுவிலேயே அசையாமல் நிற்கும். அசைந்து காட்டும்போது சேதம் தொடங்கியிருக்கும். டிகிரி காட்டும் தனி மீட்டர் ஒன்று மாட்டுவது இந்தக் காருக்குச் செய்யும் முதல் உபகாரம்.

இரண்டாவது, பெட்ரோல் லைன். இங்கே நான் கறாராகவே சொல்வேன். 1985 முதல் வந்த ஆர்எக்ஸ்-7களில் இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் குழாயான ஃபியூயல் ரெயிலில் பல்சேஷன் டாம்பர் என்று ஒரு சின்ன உருளை இருக்கும். உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் நேராகச் சூடான இன்ஜின் மேல் சொட்டும். கார் தீப்பிடிப்பதற்கு இது தெரிந்த காரணம். கல் மாதிரி இறுகிய பழைய ஹோஸ்களும் அதே ஆபத்துதான். பெட்ரோல் வாசனை வந்தால் ‘பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்று ஓட்டாதீர்கள். டாம்பர், ஹோஸ், கிளிப் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

மூன்றாவது, பற்றவைப்பு. ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக்; லீடிங், டிரெய்லிங். இரண்டும் வேறு வேறு வகை, இடம் மாற்றிப் போடக் கூடாது. ஆர்எக்ஸ்-8இல் பிளக்குக்கு ஒன்றாக நான்கு காயில். ஒரு காயில் சோர்ந்தாலும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், கொஞ்சம் மிஸ்ஸிங் அடிக்கும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் எரியும், கன்வர்ட்டர் உருகி அடைக்கும், அடைத்தால் புகை போக வழியின்றிச் சூடு திரும்ப இன்ஜினுக்கே வரும். ஒரு காயிலை மாற்றாமல் விட்டதால் முழு இன்ஜினும் போன கார்களைப் பிரித்திருக்கிறேன். பழைய கார் வாங்கினால் காயில், வயர், பிளக் மூன்றையும் செட்டாக மாற்றிவிடுங்கள்.

‘இன்ஜின் ரீபில்ட் செய்தாகிவிட்டது’ என்று சொல்லி விற்கும் கார்களிடம் எனக்குத் தனி எச்சரிக்கை உண்டு. தேய்ந்த ஹவுசிங்குக்குள் புது சீல் மட்டும் போட்டு மூடினாலும் அதற்கு ரீபில்ட் என்றுதான் பெயர். ஹவுசிங்கை மாற்றினார்களா, குரோம் ஓரத்தில் உரிந்திருந்ததா, பக்கத் தட்டுகளின் தேய்மானம் அளந்தார்களா என்று கேளுங்கள். சைடு சீல் ஒவ்வொன்றையும் கையால் உரசி உரசி, கார்னர் சீலோடு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவு இடைவெளிக்குக் கொண்டுவர வேண்டும். பொறுமையாக வேலை செய்தவர் அந்த அளவுகளையெல்லாம் எழுதி வைத்திருப்பார். தாளும் இல்லை, போட்டோவும் இல்லை என்றால் அந்த ரீபில்டுக்காக விலையில் கூடுதலாக எதுவும் கொடுக்காதீர்கள்.

பாடியில் பார்க்க வேண்டியது துரு. கதவுக்குக் கீழே உள்ள சில் தகடு, பின் சக்கர வளைவு, பின் சஸ்பென்ஷன் மாட்டும் இடம். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள்.

என் தேர்வைக் கேட்டால், துருவில்லாத பாடியும் செத்த இன்ஜினும் உள்ள காரைச் செத்த இன்ஜின் விலைக்கு வாங்குங்கள் என்பேன். இன்ஜின் வேலைக்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். பாதி உயிரோடு ஓடும் இன்ஜின்தான் ஆளை ஏமாற்றும். கார் ஓடுகிறதே என்று கையிலுள்ள பணத்தை உள் அலங்காரத்தில் போட்டுவிட்டு, கம்ப்ரஷன் விழும் நாளில் வெறுங்கையோடு நிற்பார்கள். அந்த நிலையில் அரைகுறையாகப் பிரித்த கார்கள்தான் மறுபடியும் மலிவு விலைக்குச் சந்தைக்கு வருகின்றன. பிரித்துப் போட்ட காரைப் பார்க்கப் போனால் எண்ணிப் பாருங்கள்: இரண்டு ரோட்டர், இரண்டு ரோட்டர் ஹவுசிங், மூன்று இரும்புத் தட்டு, ஷாஃப்ட். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அதைத் தேடிப் பிடிக்கும் விலையைக் கழித்துவிட்டே பேசுங்கள்.