சிட்காம் என்பதற்குச் ‘சூழ்நிலை நகைச்சுவை’ சரியா?

அதே ஆட்களை வைத்து வாராவாரம் ஒரு புதுக் கதை சொல்லும் நகைச்சுவைத் தொடரை ஆங்கிலத்தில் சிட்காம் என்பார்கள். அந்தச் சொல்லைத் தமிழில் ‘சூழ்நிலை நகைச்சுவை’ என்று எழுதுவது இப்போது எல்லா இடத்திலும் பரவிவிட்டது. ஓடிடி செயலிகளின் தமிழ்ப் பட்டியலில் இருக்கிறது. சினிமாச் செய்தித் தளங்களில் இருக்கிறது. போன மாதம் வேலூரில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கின் அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. அச்சில் ஏறிய சொல்லை மாணவர்கள் அப்படியே மனப்பாடம் செய்துகொள்வார்கள், அதுதான் என் கவலை. இந்த மொழிபெயர்ப்பு தவறு. சொல்லுக்குச் சொல் சரியாக இருப்பதுபோலத் தெரிகிறது, ஆனால் பொருள் வேறு எங்கோ போய்விட்டது.

முதலில் சொல்லின் கதை. ‘சிச்சுவேஷன் காமெடி’ என்ற இரண்டு சொற்களின் முன்பாதிகளை வெட்டி ஒட்டியதுதான் சிட்காம். காமெடி கிரேக்கத்திலிருந்து வந்தது, கொண்டாட்டப் பாட்டு என்று பொருள். சிச்சுவேஷனுக்கு வேர் ‘சிட்டுஸ்’ என்ற லத்தீன் சொல். அதற்கு இடம், ஒன்று இருக்கும் இருப்பு என்று பொருள். நம் ஊர்க் கொத்தனார் ‘சைட்டுக்குப் போறேன்’ என்று சொல்கிறாரே, அந்த சைட்டும் இதே வேரில் முளைத்ததுதான். இந்த வகை அமெரிக்க வானொலியில் பிறந்தது. 1951-ல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சியில் அதற்கு ஓர் உருவம் கொடுத்தது. சொல்லின் வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது ‘சூழ்நிலை’க்கு வருவோம். தமிழில் இந்தச் சொல் எங்கே புழங்குகிறது? ‘அப்போ இருந்த சூழ்நிலைல வேற வழியில்ல’, ‘வீட்டுச் சூழ்நிலை சரியில்ல’, ‘சூழ்நிலைக் கைதி’. சுற்றி வந்து நம்மை நெருக்குவது சூழ்நிலை. இன்றைக்கு இருக்கும், நாளைக்கு மாறிவிடும். குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியம்மா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையில் வந்த ‘சூழ்நிலை நகைச்சுவை’ என்ற எழுத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டது: “இன்னாடா சூழ்நிலை? யாருக்கு இன்னா ஆச்சி?” மொழிபெயர்த்தவருக்குத் தெரியாத தமிழ் அவருக்குத் தெரிந்திருக்கிறது. சூழ்நிலை என்றால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தமிழ்க் காது கேட்கும்.

சிட்காமில் உள்ள ‘சிச்சுவேஷன்’ அதற்கு நேர் எதிரானது. அது மாறாதது. ‘ஃபால்டி டவர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-லும் 1979-லுமாக மொத்தமே 12 பகுதிகள்தான் வந்தன. ஒரு பகுதியில் சுகாதார ஆய்வாளர் வரும் நேரம் பார்த்து விடுதியில் எலி ஓடுகிறது. இன்னொன்றில் தங்க வந்தவர் அறையிலேயே செத்துக் கிடக்கிறார். மற்றொன்றில் ஜெர்மானிய விருந்தினர் வருகிறார்கள். இவையெல்லாம் சூழ்நிலைகள், வாரத்துக்கு ஒன்று. ஆனால் சிட்காம் என்ற வகைக்குப் பெயர் கொடுத்தவை இவை அல்ல. டார்க்கீ கடற்கரை ஊரில் ஒரு சின்ன விடுதி, வந்தவரையெல்லாம் எடுத்தெறிந்து பேசும் முதலாளி பேசில், அவரைக் கண்ணாலேயே அடக்கும் மனைவி சிபில், ஆங்கிலம் பாதி புரியாத பணியாள் மானுவேல். இந்த நால்வகை ஏற்பாடு அப்படியே நிற்கிறது. அங்கே எதைக் கொண்டுவந்து போட்டாலும் சிரிப்பு பிறக்கும். அப்படி நிற்கும் ஏற்பாட்டைத்தான் ஆங்கிலக்காரர்கள் சிச்சுவேஷன் என்றார்கள்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. ஏலகிரி எக்ஸ்பிரஸில் தினமும் சென்னைக்குப் போய்வரும் சீசன் டிக்கெட்காரர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வாணியம்பாடியில் ஏறுபவர், ஆம்பூரில் ஏறுபவர், காட்பாடியில் ஏறுபவர் எல்லாருக்கும் அதே பெட்டி, அதே சீட்டு. ஒருவர் சீட்டுக்கட்டோடு வருவார். ஒருவர் அரக்கோணம் வரை தூங்குவார். ஒருவர் எல்லா விஷயத்துக்கும் தீர்ப்பு சொல்வார். நேற்று ஜன்னலோரத்துக்கு நடந்த சண்டை இன்று காலையில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. விவரம் தெரியாத புது ஆள் ஒருவர் வந்து ‘அவருடைய’ இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குக் கதை தொடங்கிவிடும். புது ஆள் வந்தது சூழ்நிலை. பெட்டியும் அந்தக் கூட்டமும்தான் சிட்காம்காரர் சொல்லும் சிச்சுவேஷன். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் இந்த வகையின் உயிரே பிடிபடாமல் போய்விடும்.

இந்தியில் 1984-ல் தூர்தர்ஷனில் வந்த ‘யே ஜோ ஹை ஜிந்தகி’யில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ரஞ்சித், ரேணு, ரேணுவின் தம்பி ராஜா, இவர்கள் இருக்கும் வீடு. வாராவாரம் சதீஷ் ஷா புதுப்புது வேடத்தில் வந்து ஒரு குழப்பத்தைக் கொண்டுவருவார். சூழ்நிலை சதீஷ் ஷாவோடு வந்து அவரோடு போய்விடும். வீடு மட்டும் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

இதைச் சொன்னால், ‘சரி, பழகிப்போச்சு, விடுங்க’ என்கிறார்கள். விட முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. தமிழில் நகைச்சுவையைப் பற்றிப் பேசும்போது சொல்லால் பிறக்கும் நகைச்சுவை, சூழ்நிலையால் பிறக்கும் நகைச்சுவை என்று பிரித்துப் பேசுவது வழக்கம். நல்ல பிரிவு அது. வடிவேலு காவல் நிலையத்துக்குப் போய்க் கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுக்கிறாரே, அது அப்பட்டமான சூழ்நிலை நகைச்சுவை. ஆனால் அது சிட்காம் இல்லை, படத்தின் நடுவே வரும் ஒரு காட்சி. மறுபக்கம் கிரேஸி மோகன். அவருடைய நாடகங்களில் சிரிப்பு முழுக்கச் சொல்லில் இருக்கிறது. ஒரு வார்த்தை இன்னொன்றைத் தட்டிவிட, அது மூன்றாவதைத் தள்ளிவிடும். அதோடு பல நாடகங்களில் அதே மாது, அதே ஜானகி, அதே சீனு. ஆட்கள் மாறாமல் நிற்பதில்தான் சிட்காமின் இலக்கணம் இருக்கிறது. ‘சூழ்நிலை நகைச்சுவை’ என்ற பெயரை வைத்தால் வடிவேலு காட்சி உள்ளே வந்துவிடும், கிரேஸி மோகன் வெளியே போய்விடுவார். ஒரு கலைச்சொல் செய்யக்கூடாத வேலை இது. ஏற்கெனவே நம்மிடம் இருந்த ஒரு தெளிவான பிரிவையும் கலக்கிவிட்டு, புதிதாக எதையும் விளக்காமல் நிற்கிறது.

‘சூழல் நகைச்சுவை’ என்று மாற்றி எழுதுபவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். சூழல் என்றதும் பாலாறும் தோல் தொழிற்சாலைக் கழிவும்தான் எங்கள் மாவட்டத்தில் நினைவுக்கு வரும். ‘நகைத்தொடர்’ என்றும் ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். இலக்கணப்படி பிழை இல்லை, நகை என்றால் சிரிப்புத்தான். ஆனால் இன்றைக்கு அதைக் கேட்கிறவர் நகைக்கடை விளம்பரம் என்றுதான் நினைப்பார், அல்லது கழுத்தில் போடும் சங்கிலி என்று நினைப்பார். தூய தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. கேட்பவருக்கு வேறு பொருள் தரும் சொல்லைத் தூய்மை என்ற பெயரில் திணிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

‘நகைச்சுவைத் தொடர்’ தவறில்லை, ஆனால் அகலமானது. வாராவாரம் வேறு வேறு துணுக்குகள் வரும் நிகழ்ச்சியும், சினிமாவைக் கிண்டலடித்த ‘லொள்ளு சபா’வும் அதில் அடங்கிவிடும். எங்கள் பக்கத்து வீடுகளில் சொல்வது ‘சிரிப்பு நாடகம்’. வட ஆற்காட்டில் டிவி தொடர் எல்லாமே நாடகம்தான், ‘நாடகம் ஆரம்பிச்சிட்டாங்க’ என்றுதான் ஏழரை மணிக்குக் குரல் கேட்கும். பேச்சுக்கு இதைவிட நல்ல சொல் இல்லை. எழுத்தில் வகையின் பெயராக வைக்கும்போதுதான் கூடுதலாக ஒன்று வேண்டியிருக்கிறது.

அந்தக் கூடுதல் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: நிலைக்களம். தொல்காப்பியத்தின் உவமவியலில் வருகிறது, “சிறப்பே நலனே காதல் வலியொடு அந்நாற் பண்பும் நிலைக்களம் என்ப.” உவமை எந்த அடிப்படையில் நின்று பிறக்கிறதோ அது நிலைக்களம். சிரிப்பு எதில் நின்று பிறக்கிறதோ அதையும் அப்படியே சொல்லலாம். நிலைக்கள நகைச்சுவை. நிலை என்பதில் மாறாமை இருக்கிறது, களம் என்பதில் இடம் இருக்கிறது. லத்தீன் வேரின் பொருளும் தன்னால் வந்து சேர்ந்துவிடுகிறது. அதே தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் “எள்ளல் இளமை பேதைமை மடன்” என்று நகை பிறக்க நான்கு காரணங்களைச் சொல்கிறது. பேசிலிடம் எள்ளல், அதாவது பிறரை இகழ்வது. மானுவேலிடம் பேதைமை, அதாவது அறியாமை. உலகத்தின் எந்த சிட்காமை எடுத்தாலும் பாத்திரங்களை இந்த நான்குக்குள் பெரும்பாலும் பிரித்து வைத்துவிடலாம்.

பழைய சொல், யாருக்குப் புரியும் என்று கேட்பார்கள். களம் யாருக்குப் புரியாது? நெல்லடிக்கும் களம் இருக்கிறது. தேர்தல் களம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சினிமா விமர்சனம் எழுதும் ஒவ்வொருவரும் ‘கதைக்களம்’ என்று எழுதுகிறார்கள். கதைக்களம் புரிந்தவருக்கு நிலைக்களம் புரியாமல் போகாது. மாறாத கதைக்களம், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்து மக்களுக்குக் கருத்தே பழையது என்றும் சொல்வேன். 1989-ல் மாவட்டம் பிரிவதற்கு முன் வட ஆற்காட்டில் இருந்த புரிசை, தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். இரவெல்லாம் கூத்து விடும் ஊர்களில் கட்டியங்காரனைத் தெரியாதவர் கிடையாது. இன்றைக்குக் கர்ண மோட்சம், நாளைக்குத் திரௌபதி துகிலுரிதல். கதை மாறும், ராஜா மாறுவார். கட்டியங்காரன் மட்டும் எல்லாக் கூத்திலும் வந்து, நம் பேச்சிலேயே பேசி, ராஜாவையே கேள்வி கேட்பான். அவன் திரைக்கு முன்னால் வந்து நின்றாலே ஜனம் சிரிக்கத் தயாராகிவிடும். தெரிந்த ஆள் தெரிந்த இடத்தில் நிற்கும் சுகம் அது. சிட்காம் வாழ்வதும் அந்தச் சுகத்தில்தான்.

தமிழ்த் தொலைக்காட்சியிலும் இதை நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். தூர்தர்ஷன் காலத்தில் எஸ்.வி.சேகரின் ‘வண்ணக்கோலங்கள்’ வந்தது. 1990-களின் கடைசியில் கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’யில் கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. இந்த ஒரு ஏற்பாடுதான் அதன் நிலைக்களம், தலைப்பிலேயே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தமிழ்த் தொடர் இன்றைக்கும் அதுதான். ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’வில் எம்.எஸ்.பாஸ்கர் பட்டாபியாக வந்தார். இப்போதும் பட்டாபி என்ற பெயரைக் கேட்டால் அவர் முகம்தான் முன்னால் வருகிறது. அதே நாகா 2024-ல் ‘தலைவெட்டியான் பாளையம்’ எடுத்தார், ‘பஞ்சாயத்’ என்ற இந்தித் தொடரின் தமிழ் வடிவம். பட்டணத்துப் பையன் ஒருவன், கிராமத்து ஊராட்சி அலுவலகம், அங்கே வந்துபோகும் நான்கைந்து பேர். அந்த அலுவலகத்தின் மேசை நாற்காலி வரை நமக்குப் பழகிவிடுகிறது. இவற்றையெல்லாம் ‘சூழ்நிலை’ என்று எழுதினால் எடுத்தவர்களின் உழைப்பையே தவறாகப் படித்ததாகும். மாறும் சம்பவங்களைவிட, மாறாத வீட்டைக் கட்டுவதில்தான் அவர்கள் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

இந்த ஒரு சொல்லோடு குறை நிற்கவில்லை. சிட்காமைச் சுற்றியுள்ள மற்ற சொற்களையும் அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். காட்சியோடு சேர்த்து ஒலிக்கும் சிரிப்பை ‘சிரிப்புத் தடம்’ என்று எழுதுகிறார்கள். தடம் என்றால் கால் பதிந்த இடம், அல்லது பேருந்து போகும் வழி. பதிவுச் சிரிப்பு என்று சொன்னால் குழந்தைக்கும் புரியும். சீசனைப் ‘பருவம்’ என்கிறார்கள். மழைக்கும் பெண்ணுக்கும் பயிருக்கும் பருவம் உண்டு, டிவி தொடருக்குச் சுற்று என்றோ, எல்லாரும் சொல்கிறபடி சீசன் என்றோ எழுதினால் போதும். கடன் வாங்கிய சொல் தப்பான சொல்லைவிட எப்போதும் மேல். சிட்காம் என்று தமிழ் எழுத்தில் எழுதுவதிலும் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பொருளை விளக்க வேண்டிய இடத்தில், பாடத்தில், அகராதியில், நிலைக்கள நகைச்சுவை என்று போடுங்கள் என்பதே நான் கேட்பது.

மிகவும் வருத்தியது பைலட் எபிசோட். ஒரு தொடரை முழுதாக எடுப்பதற்கு முன் தொலைக்காட்சி நிறுவனத்துக்குப் போட்டுக்காட்ட எடுக்கும் முதல் பகுதி அது. அதை ‘விமானி அத்தியாயம்’ என்று மொழிபெயர்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். எழுதியவர் ஒரு நிமிடம் வாய்விட்டுப் படித்துப் பார்த்திருந்தால்கூட நிறுத்தியிருப்பார். புதுத்தேர் செய்தால் திருவிழாவுக்கு முன் ஒருமுறை வீதியில் ஓட்டிப் பார்க்கிறோம். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர், ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளோட்டப் பகுதி என்று எழுதினால் வேலை முடிந்தது.