கல்லூரிக்கு ஹெல்த் கேம்ப் மட்டும் போதுமா?

ஓசூர் தொழிற்சாலைகளுக்கு மருத்துவராகப் போய்வருகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளிலிருந்தும் அவ்வப்போது கூப்பிடுவார்கள். ‘ஒரு ஹெல்த் கேம்ப் போடணும், டாக்டர்.’ பி.பி., சுகர் பார்த்து ஆளுக்கொரு சீட்டு. நல்லதுதான். ஆனால் பார்க்கிற வேலையால் உடம்புக்கு என்ன ஆகிறது என்பது அதில் தெரியாது.

அதனால் முதலில் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கக் கேட்பேன். வேதியியல் லேபில் புகை உறிஞ்சும் கூண்டு ஓடுகிறதா, இல்லை பழைய ரெக்கார்டு நோட்டு அடுக்கும் அலமாரியாகிவிட்டதா? ஆசிட் கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்; குழாய் எங்கே? விலங்கியல் துறையில், இறந்த உயிரினங்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவ ஜாடிகள் இருக்கும். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. மாணவர் அந்த நெடியில் வாரத்துக்குச் சில மணி நேரம் நிற்பார். லேப் அட்டெண்டர் வருஷக்கணக்கில் நிற்கிறார். என் பட்டியலில் அவர்தான் முதல் ஆள்.

நர்சிங் மாணவிகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என மூன்று தவணை. வார்டுக்கு அனுப்பும் வாரத்தில் யோசித்தால் எப்படி முடியும்? சேர்க்கையின்போதே தொடங்க வேண்டும். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். நள்ளிரவில் யாருக்குப் போன் செய்வது என்பதை அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சடித்துவிடலாம். செலவே இல்லை.

எங்கள் பக்கத்துக்கென்று ஒன்று உண்டு. 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வரும் முன், ஃப்ளோரைடு மிகுந்த போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நிறையப் பேர். அது எலும்பில் சேர்ந்து முதுகை விறைக்க வைக்கும். தோட்டப் பணியாளர் முதுகு விறைத்து, குனிய முடியவில்லை என்றால் ‘வயசாச்சு’ என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பக் கூடாது. எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று கேட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதுவரை மூட்டை தூக்கும் வேலை வேண்டாம்.

அப்புறம், பரிசோதனை முடிவு. முதல்வர் அறைக்கு முழு ரிப்போர்ட்டும் போகிறது என்று தெரிந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அதிலும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள். ‘இந்த வேலை செய்யலாம், இதைச் செய்யக் கூடாது’ என்ற ஒரு வரி மட்டும் நிர்வாகத்துக்கு. மற்றதெல்லாம் மருத்துவரின் பூட்டிய அலமாரியில்.