செருப்பு கழண்டது தெரியாமல் நடப்பவர்கள்

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கண் கொஞ்சம் மங்கினால் மறுநாளே வந்துவிடுவார்கள். காது அடைத்தால் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பார்கள். கொரோனாவுக்குப் பிறகு மூக்குக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது. ரசம் தாளிக்கிற வாசனை தெரியவில்லை என்றால் வீடே பதறுகிறது. "தொட்டால் தெரிய மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டு மட்டும் யாரும் வருவதில்லை. வேறு எதற்கோ வந்த பெரியவர், மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொல்வார்: "ரோட்டுல நடந்துகினே இருந்தேன் சார், பாத்தா ஒத்தக் கால்ல செருப்பைக் காணோம். எங்க கழண்டுச்சுன்னே தெரில." கூட வந்த மருமகள் சிரிப்பார். நான் அவரை மறுபடி உட்காரச் சொல்லிவிடுவேன். வேலூரில் சர்க்கரை நோயும் அதனால் வரும் கால் புண்ணும் பார்க்கிற எனக்கு, ரத்தப் பரிசோதனை அறிக்கையைவிட அந்த ஒரு வாக்கியம் பெரிய சேதி.

ஐம்புலன்களைப் பற்றித் தமிழில் பாடாதவர் குறைவு. "கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்" என்ற குறளில் தொடுதல் கடைசியில் வருகிறது. தொல்காப்பியர் தலைகீழாக வைக்கிறார். "ஒன்றறி வதுவே உற்றறி வதுவே" என்று தொடு உணர்வில்தான் கணக்கை ஆரம்பிக்கிறார். புல்லுக்கும் மரத்துக்கும் அந்த ஓர் அறிவு, அதற்கு மேல் நாக்கு, மூக்கு, கண், செவி, மனம் என்று படிப்படியாக ஏறுகிறார். காதல் பாட்டில் தொடுதல் கடைசியில் வருவதுதான் நியாயம், வள்ளுவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மருத்துவனாக நான் தொல்காப்பியர் கட்சி. தாயின் வயிற்றில் கருவுக்கு முதலில் வருவதும் தொடு உணர்வுதான். எட்டாவது வாரத்தை ஒட்டி, உதட்டருகே ஏதாவது பட்டால் அசைகிற அளவுக்கு அது விழித்துக்கொள்கிறது. அப்போது கண்ணும் காதும் இன்னும் வேலைக்கே வந்திருக்காது.

தொடு உணர்வு என்று ஒரே பெயரில் சொன்னாலும் தோலுக்குள் பல இலாகாக்கள் உண்டு. லேசான வருடலுக்கு ஒரு வகை நரம்பு முனை, அழுத்தத்துக்கு ஒன்று, அதிர்வுக்கு ஒன்று, சூட்டுக்கும் வலிக்கும் தனித்தனி. விரல் நுனியில் இவை நெருக்கமாக இருப்பதால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பேனா முனைகளை வைத்தால்கூட இரண்டு என்று தெரியும். முதுகில் நாலு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால்தான் தெரியும். வீட்டில் யாரையாவது வைத்துச் செய்து பாருங்கள், நல்ல வேடிக்கை.

சூடும் தொடுதலும் எப்படி நரம்புச் செய்தியாக மாறுகின்றன என்று கண்டுபிடித்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஜூலியஸ் இதைப் பிடித்தது மிளகாயை வைத்து. மிளகாயின் காரப்பொருள் நரம்பில் எந்தக் கதவைத் திறக்கிறதோ, அதே கதவை ஏறக்குறைய 43 டிகிரி சூடும் திறக்கிறது. காரம் அறுசுவையில் ஒன்று என்று நாம் எண்ணுகிறோம். நாக்கைப் பொறுத்தவரை அது சுவையே அல்ல, சூடு என்ற எச்சரிக்கை. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வரும் கத்திரிக்காய் காரமாக இருந்தால் "எரியுது" என்று சொல்கிறோமே, நரம்புக்கும் அதே கணக்குதான்.

படபூட்டியன் கண்டுபிடித்தது அழுத்தத்துக்கான கதவு. கண்ணை மூடினாலும் கால் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிவதற்கும் அதே கதவுதான் உதவுகிறது. இந்த உணர்வு கெட்டுப்போனவர்கள், முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுவார்கள். ஒரு கை தானாகச் சுவரைப் பிடிக்கும். பலரும் இதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள்.

சரி, சர்க்கரை ஏன் முதலில் காலைப் பிடிக்கிறது? உடம்பிலேயே நீளமான நரம்புகள் அங்கேதான் போகின்றன. இடுப்பிலிருந்து கால் விரல் நுனி வரை சுமார் ஒரு மீட்டர். ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் அதிகமாக இருந்தால் நரம்பும் கெடும், நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் கெடும். எங்கள் ஊரில் குடிதண்ணீர்க் குழாயின் கடைக்கோடியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அழுத்தம் குறைந்தால் முதலில் காய்வது அவர்கள் வீட்டுக் குடம்தான். கால் விரல்களில் ஆரம்பிக்கும் மதமதப்பு, சாக்ஸ் போட்டதுபோல மெல்ல மேலேறும். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். சிலருக்கு ராத்திரியில் எரிச்சல், போர்வை பட்டாலே குத்தும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த எரிச்சல் ஒருநாள் தானாக அடங்கும். "எண்ணெய் தடவினேன் சார், சரியாப்போச்சு" என்று சந்தோஷமாக வருவார்கள். சோதித்துப் பார்த்தால் பல நேரம் கதை வேறு. எரிச்சலைச் சொல்லக்கூட நரம்பில் தெம்பு இல்லாமல் போயிருக்கும். சர்க்கரை கட்டுப்படாமல் எரிச்சல் மட்டும் நின்றுபோனால் அன்றைக்கே காலைக் காட்டுங்கள்.

வலி இல்லாத கால் என்ன ஆகும் என்பதை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் நம் வேலூர் முக்கியமானது. கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றுதான் அன்று மருத்துவர்களிலேயே பலர் நம்பினார்கள். அப்படி இல்லை, உணர்வு போன கையும் காலும் தினமும் அடிபட்டு, சுட்டு, தேய்ந்துதான் போகின்றன என்று அவரும் கூட இருந்தவர்களும் காட்டினார்கள். துருப்பிடித்த பூட்டில் சாவி திரும்பாமல் அவர் திணறியபோது, நோயாளியான ஒரு சிறுவன் சட்டென்று திருப்பிவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்தது, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. ராத்திரியில் சிலருடைய விரல் நுனிகள் காணாமல் போனதற்குக் காரணம் எலி. தூங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் பூனை வளர்க்கச் சொன்னார்கள்.

அவருடைய மனைவி மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவர். தொழுநோயில் கருவிழி தொடு உணர்வை இழக்கும்போது கண் சிமிட்டுவதே குறைந்து, விழி காய்ந்து, தூசி பட்டுப் புண்ணாகிப் பார்வை போவதை அவர் கவனித்து வைத்தியம் செய்தார். கண்ணுக்குக் காவல் இருப்பதும் தொடு உணர்வுதான் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. 1966இல் அமெரிக்காவில் லூசியானாவுக்குப் போன பிராண்ட், இங்கே கற்றதைச் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் கொண்டுபோனார். நோய் வேறு, பாதம் படும் பாடு ஒன்று. கரிகிரி தொழுநோய் மருத்துவமனையைத் தெரிந்த பழைய ஆட்களுக்கு எம்.சி.ஆர். செருப்பும் தெரிந்திருக்கும். மெத்தென்ற ரப்பர், பின்னால் பட்டை. சர்க்கரைக்காரர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பதும் அதைத்தான். "தொழுநோய்க்காரங்க செருப்பு" என்று வாங்க மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ராணிப்பேட்டையும் ஆம்பூரும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன, இங்கே பாதிப் பேர் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்து கண்ணாடிச் சில்லு ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்.

ஆரணியிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் முன்சீட்டில் உட்கார்ந்து, இன்ஜின் பெட்டி மேல் காலைச் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டார். இறங்கும்போது குதிகாலுக்கு மேல் எலுமிச்சை அளவு கொப்புளம். உணர்வு இருந்திருந்தால் அவர் தூக்கத்திலேயே காலை இழுத்திருப்பார். இன்னொரு அம்மாவுக்கு, கால் வீங்கியதில் மெட்டி இறுகி விரலைச் சுற்றி அறுத்திருந்தது. சாக்கடை நாற்றம் மாதிரி வருகிறதே என்று மகள் தேடியபோதுதான் தெரிந்தது. ஒரு புலன் கைவிட்டதை இன்னொரு புலன் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு எங்களிடம் இருக்கும் கருவி மிகச் சாதாரணமானது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை. பாதத்தில் சில இடங்களில் வைத்து அழுத்துவோம். இழை வளைந்தும் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அந்தக் காலுக்குப் பாதுகாப்பு போய்விட்டது. சர்க்கரை இருப்பவர்கள் எல்லோரும் வருடம் ஒருமுறையாவது இதைச் செய்துகொள்ள வேண்டும். சில நேரம் சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் நாளிலேயே நரம்பு கெட்டிருக்கும்.

இழை இல்லாமலும் வீட்டில் பார்க்கலாம். நீங்கள் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். பேத்தியோ மருமகளோ ஆள்காட்டி விரல் நுனியால் உங்கள் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், மாற்றி மாற்றித் தொடட்டும். ஒரு இறகு பட்டாற்போல, ஓரிரு நொடி போதும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தெரியவில்லை என்பதற்காக இரண்டாம் முறை தொடவும் கூடாது. பட்டதும் வலது, இடது என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் மருத்துவரிடம் காலைக் காட்ட நேரம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த முறை இது, காசு செலவில்லை. மற்றபடி தோலில் வெளிறிய தேமல் இருந்து, அந்த இடத்தில் மட்டும் தொட்டால் தெரியவில்லை என்றால், சர்க்கரை இல்லாதவர்களும் தொழுநோய்க்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், முழுதாகக் குணமாகும்.

உணர்வு போன காலை வேறு புலன்களை வைத்துத்தான் காக்க வேண்டும். ராத்திரி படுக்கும்முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், விரலிடுக்கையும் பாருங்கள். செருப்பு போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள், கல், ஆணி, ஒருமுறை பல்லிகூட இருந்திருக்கிறது. வெந்நீரைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். கால் ஆணியை பிளேடால் சீவுகிறவர்களை என்ன சொல்லித் திருத்துவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வலியே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் காத்திருக்காதீர்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

கடைசியில் எல்லோரும் கேட்பது கோயில். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்தளமோ வள்ளிமலைப் படியோ, அக்னி நட்சத்திர மத்தியானத்தில் காற்றைவிடப் பல மடங்கு மோசமாகச் சுடும். காலை எட்டு மணிக்குள் போய்வந்துவிடுங்கள், தடித்த பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். பாதத்தில் உணர்வு இல்லாதவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன், ராத்திரியாக இருந்தாலும். ஏற்கெனவே புண் இருந்தால் இந்தப் பௌர்ணமியை விட்டுவிடுங்கள். போய்வந்துவிட்டீர்கள், கொப்புளமும் வந்துவிட்டது என்றால் ஊசியால் குத்தி உடைக்காமல், சுத்தமான துணி சுற்றிக்கொண்டு அன்றைக்கே வாருங்கள். வலிக்கவில்லை என்று நாளைக்குத் தள்ளாதீர்கள்.