பாரம்பரிய ரயிலில் தினமும் வேலைக்குப் போக முடியுமா?

பிரிட்டனில் மூடப்பட்ட பல ரயில் பாதைகளை ஆர்வலர்கள் மீட்டு, சுற்றுலாவுக்காக நீராவி வண்டி ஓட்டுகிறார்கள். தண்டவாளம் இருக்கிறது, நிலையம் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது. அப்புறம் காலையில் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்ல என்ன தடை?

எல்லோரும் முதலில் சொல்வது வேகத்தை. இந்தப் பாதைகள் பெரும்பாலானவற்றில் மணிக்கு 25 மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர்தான் உச்ச வரம்பு. ஆனால் அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை ஒற்றைப் பாதை என்பேன்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் கிராசிங் நிலையத்தில்தான் விலகிப் போக முடியும். அப்படி இரண்டு நிலையங்களுக்கு நடுவே 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் 12 நிமிடம். நின்று கிளம்ப, டோக்கன் (ஒற்றைப் பாதையில் நுழைய ஓட்டுநர் கையில் இருக்க வேண்டிய அனுமதி அடையாளம்) மாற்ற இன்னும் 3 நிமிடம். இந்த வண்டி போய்ச் சேர 15 நிமிடம், எதிர் வண்டி வந்து சேர 15 நிமிடம். ஆக, இரு திசையிலும் மாறி மாறி ஓட்டினால் ஒரு திசையில் அரை மணிக்கு ஒரு வண்டிதான். ஒன்று 10 நிமிடம் தாமதமானால் எதிரே வருவதும் காத்துக் கிடக்கும். சுற்றுலா வந்தவர் அந்த நேரத்தில் எஞ்சினைப் படம் எடுப்பார். வேலைக்குப் போகிறவர் மறுநாள் காரை எடுத்துவிடுவார்.

டோக்கன் முறை பாதுகாப்பானது. இரு முனையிலும் டோக்கன் தரும் கருவிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டிருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். ஆனால் வழக்கமாக இரு முனையிலும் ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆசையாக வரும் தன்னார்வலர், ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வருவாரா? தவிர, தண்டவாள வேலைகளையெல்லாம் கூட்டமில்லாத குளிர்காலத்துக்குத் தள்ளி வைப்பதே வழக்கம். தினசரிச் சேவைக்கு அந்த ஓய்வு கிடைக்காது.

நீராவி எஞ்சின் இதற்குச் சரிப்படாது. கொதிகலனை அவசரமாகச் சூடேற்றினால் தகடுகள் சீரில்லாமல் விரிந்து பழுதாகும். எனவே பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்ட வேண்டும். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோவது வேறு. இரு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள டீசல் ரயில்கார் என்றால் ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்து போனால் போதும். இப்படி மீட்கப்பட்ட பாதைகளில் ஒன்றான ஸ்வானேஜ் ரயில்வே 2023இல், தேசிய ரயில் பாதையில் உள்ள வேர்ஹாம் வரை சோதனைச் சேவை நடத்தியபோது டீசலைத்தான் ஓட்டியது. அதற்கும் தேசிய ரயில் வலைப்பின்னலின் தண்டவாளத்தில் ஓட, அங்குள்ள பாதுகாப்புக் கருவிகளும் சான்றிதழும் தேவைப்பட்டன.

நீண்ட காலம் ஓடிய உதாரணமும் உண்டு. கென்ட்டில் தண்டவாளங்களுக்கு இடையே வெறும் 381 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட ராம்னி, ஹைத், டிம்சர்ச் ரயில்வே 1977 முதல் 2015 வரை பள்ளிப் பிள்ளைகளை நியூ ராம்னிக்கு ஏற்றிச் சென்றது. பள்ளி நாட்களில் மட்டும், காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. அவர்கள் போய்வந்த பகுதி இரட்டைப் பாதை.