தியேட்டர் விளக்குக்கு ஏன் நிழல் இல்லை?

ஆஸ்பத்திரி வராந்தாவில் "தியேட்டருக்குக் கொண்டுபோயாச்சு" என்று யாராவது சொன்னால் யாருக்கும் சினிமா ஞாபகம் வருவதில்லை. ஆனாலும் சொல் ஒன்றுதான். கிரேக்கத்தில் 'தியாட்ரான்' என்றால் பார்க்கும் இடம். மலைச்சரிவில் படிப்படியாக உட்கார்ந்து நாடகம் பார்த்த இடம்.

அறுவை சிகிச்சை அறைக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளக் காரணம், அங்கேயும் பார்க்கக் கூட்டம் இருந்தது. இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகம், இறந்தவர் உடலை அறுத்துப் பாடம் நடத்த 1590-களில் கட்டிய உடற்கூறு அரங்கில் நடுவே மேசை, சுற்றிலும் ஆறு அடுக்கு. மாணவர்கள் நின்றபடியே எட்டிப் பார்ப்பார்கள். லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்காக 1822-இல் ஒரு தேவாலயத்தின் கூரையடியில் அமைத்த அரங்கில் பகல் வெளிச்சம் விழ மேலே கண்ணாடி வைத்தார்கள். மயக்க மருந்து வராத காலம். முழு நினைவோடு படுத்திருந்த நோயாளிகளை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. கிருமிகளைப் பற்றித் தெரியவந்த பிறகு கூட்டம் வெளியேறியது, பெயர் தங்கிவிட்டது.

பார்ப்பதில் ஒரு சிக்கலும் தங்கிவிட்டது: நிழல். குனிந்து வேலை செய்யும் டாக்டரின் தலையே வெளிச்சத்தை மறைக்குமே!

வீட்டிலேயே சோதிக்கலாம். செல்போன் டார்ச்சுக்குக் கீழே கையை நீட்டினால் விரல்களின் நிழல் கன்னங்கரேலென்று விழும். டியூப்லைட்டுக்குக் கீழே நீட்டினால் ஓரம் கலைந்து, மங்கலாக விழும். டார்ச்சில் ஒளி ஒரே புள்ளியிலிருந்து வருகிறது, விரல் மறைத்தால் தீர்ந்தது. டியூப்லைட்டின் ஒரு பகுதியை விரல் மறைத்தாலும் மீதிப் பகுதியிலிருந்து வெளிச்சம் வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும்.

ஆபரேஷன் தியேட்டர் விளக்கும் இதைத்தான் செய்கிறது. அகலமான வட்டத்தில் நிறைய எல்.இ.டி.க்கள், எல்லாமே ஒரே இடத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். தலை சிலவற்றை மறைத்தால் மற்றவை பக்கவாட்டிலிருந்து அங்கே வந்து சேரும். வெளிச்சத்தின் அளவும் சாதாரணமில்லை: அதை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் 40,000 முதல் 1,60,000 வரை. இவ்வளவு வெளிச்சத்தோடு சூடும் சேர்ந்து விழுந்தால் திறந்த தசை காய்ந்துவிடும், எல்.இ.டி. சூட்டைக் கொண்டுவரும் அகச்சிவப்புக் கதிரை மிகக் குறைவாகவே வெளியிடுவதால் அந்தக் கவலை குறைந்திருக்கிறது.

நிழலைப் பற்றிய கவலை நம் அரங்கிலும் உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அளவுகளைச் சொன்ன கையோடு விளக்கையும் சொல்கிறார் இளங்கோ. அங்கே நிழலைக் கரைக்க வழியில்லை, அதனால் தூண்களின் நிழல் மேடைக்கு வெளியே போய் விழுகிறமாதிரி இடம் பார்த்து விளக்கை வைத்திருக்கிறார்கள்.